தொழிற் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி: டச்சுக்காரர் கண்ட வழி

நெதர்லாந்து தேசத்தில் உயர்கல்வி பெறும் மாணாக்கரில் பெரும்பாலோர் பயில்வது லெய்டன், உத்ரெக்த் போன்ற பழம்பெரும் சர்வகலாசாலைகளில் அல்ல. தாதி, பொறியாளர், பள்ளி ஆசிரியர், கணக்கர், பண்ணை நிர்வாகி என்று அவரவர் உத்தியோகத்துக்கு வேண்டிய வித்தையைக் கற்பிக்கும் ‘ஹோகஸ்கோல்’ என்ற தொழிற் பல்கலைக்கழகங்களில்தான். அரசாங்கப் பணத்தில் நடைபெறும் இத்தகைய ஸ்தாபனங்கள் ஏறத்தாழ 36. அவற்றில் படிப்போர் ஏறத்தாழ நாலரை லட்சம். கற்பிப்பதற்கென்றே தோன்றிய இந்த ஸ்தாபனங்களில் ஆராய்ச்சி எவ்விதம் புகுந்தது, அதை நடத்துவோர் யார், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பவை, தொழிற்கல்வியில் சிரத்தையுள்ளவர்கள் எல்லோரும் ஆராய்ந்து பார்க்கத்தக்க விஷயங்கள்.

தொழிலுக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு அந்நாட்டுக்குப் புதிதன்று. 1830-ல் பெல்ஜியம் தனி நாடாகப் பிரிந்தபோது, ஜாவாத் தீவுக்கு ஏற்றுமதியாக வேண்டிய பருத்தித் துணியை நெய்து வந்த ஆலைகளும் அதனுடனேயே போய்விட்டன. அந்த வியாபாரத்தை நடத்திய நெதர்லாந்து வர்த்தகக் கழகம், கிழக்கு எல்லையிலுள்ள ட்வென்ட்டெ பிரதேசத்துக் குடியானவ நெசவாளரை நம்பி, 1833-ல் கோர் என்ற சிற்றூரில் தாமஸ் ஐன்ஸ்வர்த் என்னும் ஆங்கிலேயரின் பொறுப்பில் ஒரு நெசவுப் பள்ளியை ஏற்படுத்தியது. நாடாவைக் கையால் இப்பக்கமும் அப்பக்கமும் எறிந்துகொண்டிருந்தவர்களுக்கு, கயிற்றைச் சுண்டியவுடன் பாவின் குறுக்கே பாய்ந்தோடும் நாடாவைப் பழக்கிக் கொடுத்தது அந்தப் பள்ளி. தேவையும் வர்த்தகருடையது, பணமும் வர்த்தகருடையது. ஆகையால் வர்த்தகருக்கு அன்றைக்கு வேண்டியிருந்ததைப் பள்ளி கற்பித்தது.

பின்னர் தொழிற்கல்வியின் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 1980-களில், சிதறிக் கிடந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிறு கல்லூரிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுப் பெரிய ஹோகஸ்கோல்களாக உருவெடுத்தன. கட்டடங்கள் பெருகின, மாணாக்கர் பெருகினர்; ஆனால் ஆசிரியர்களோ, தொழிலை விட்டு வந்தபோது கொண்டுவந்த அனுபவத்தை வைத்துக்கொண்டே வருஷக்கணக்கில் பாடம் நடத்த வேண்டியவர்களாக இருந்தனர். தொழில் மாறிக்கொண்டே போகப் பாடம் பின்தங்கி நிற்கும் இந்தக் குறையை நீக்கும் உத்தேசத்துடன், 2001-ல் கல்வி அமைச்சகமும் ஹோகஸ்கோல்களின் சங்கமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ‘லெக்டர்’ என்ற பதவி இந்த ஸ்தாபனங்களில் புகுந்தது அதன் பயனாகவே.

லெக்டர் என்பவர் ஒரு குறிப்பிட்ட துறைக்கு ஆராய்ச்சித் தலைவர். முதியோர் பராமரிப்பாகவும், உவர் நிலத்து விவசாயமாகவும், நெசவு மூலப்பொருளாகவும் அத்துறை இருக்கலாம். பல்கலைக்கழகப் பேராசிரியரைப்போல் தமக்கென ஒரு தனி ராஜ்யத்தை அவர் ஸ்தாபித்துக்கொள்வதில்லை. ஹோகஸ்கோலின் ஆசிரியர்கள் சிலரைச் சேர்த்து ‘அறிவு வட்டம்’ ஒன்றை அமைக்கிறார். வட்டத்தைச் சேர்ந்த ஆசிரியர் வாரத்தில் ஓரிரு நாட்களை ஆராய்ச்சிக்குக் கொடுத்து, எஞ்சிய நாட்களில் வழக்கம்போல் வகுப்புக்குப் போகிறார். புதிய அறிவைத் தேடுதல், பாடத்திட்டத்தைப் புதுப்பித்தல், ஆசிரியரின் திறமையை வளர்த்தல், தொழிலுலகுக்கும் கல்லூரிக்கும் இடையே அறிவு இருபுறமும் பாயச் செய்தல் என்ற நான்கு கடமைகளை ஒப்பந்தம் விதித்தது. இவற்றுள் இரண்டு வகுப்பறையையும் ஆசிரியரையும் பற்றியவை என்பதே இந்த ஏற்பாட்டின் சுபாவத்தை உணர்த்திவிடும். இன்று அங்கே அறுநூறுக்கும் மேற்பட்ட லெக்டர்கள் இருக்கின்றனர்.

பணம் மூன்று வழிகளில் வருகிறது. அரசாங்கம் ஆண்டுதோறும் ஹோகஸ்கோலுக்கு வழங்கும் மொத்த மானியத்தில் ஒரு பகுதி ஆராய்ச்சிக்கு உரியது. லெக்டரின் சம்பளத்துக்கு ஸ்திரமான ஆதாரம் இதுவே. மூன்றாவது வழி, கம்பெனிகளும் நகரசபைகளும் ஐரோப்பிய நிதிகளும் தரும் தொகை. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள போட்டி மானியத்தில்தான் டச்சுக்காரரின் சாமர்த்தியம் விளங்குகிறது. அதை நிர்வகிக்கும் ‘சியா’ என்ற அமைப்பு, 2014 முதல் தேசிய விஞ்ஞான ஆராய்ச்சி நிதிக் கழகத்தின் அங்கமாக இயங்குகிறது. அதன் முக்கியத் திட்டமான ‘ராக்’கில், சிறு தொழில்களுக்கான பிரிவு நெடுங்காலம் இரண்டு ஆண்டுகளுக்கு 3 லட்சம் யூரோ வரையிலும், ஆழ்ந்த ஆராய்ச்சிக்கான பிரிவு நான்கு ஆண்டுகளுக்கு 7 லட்சம் யூரோ வரையிலும் கொடுத்து வந்திருக்கின்றன.

சிறு தொழில் பிரிவில் விண்ணப்பம் போடுகிற லெக்டர், தமக்கு ருசியான ஒரு பிரச்னையை எடுத்துக்கொண்டு வந்தால் போதாது. பட்டறைக்காரரும் தச்சரும் பண்ணையாரும் தம் வேலையில் எதிர்ப்படும் இடைஞ்சலைத் தாமே எடுத்துரைத்தார்கள் என்பதைக் காட்ட வேண்டும். அவர்களும் செலவில் ஒரு பங்கை, பெரும்பாலும் தங்கள் ஆட்களின் நேரமாகவும் இயந்திரங்களின் உபயோகமாகவும், ஏற்க வேண்டும். மானியத்தைப் பெற்றுக் கணக்குச் சொல்லும் பொறுப்பு ஹோகஸ்கோலுடையது. கேள்வி தொழில் செய்பவனிடமிருந்து வர, பணம் கல்லூரியிடம் சேர்ந்து, அதில் பெரும்பகுதி ஆசிரியரின் நேரத்தை வகுப்பறையிலிருந்து விடுவிப்பதில் செலவாகிறது. கோரில் கேள்வியும் பணமும் ஒரே கையில் இருந்தன. இங்கே அவை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன.

இத்தகைய ஆராய்ச்சியின் போக்கைக் காண அதே ட்வென்ட்டெ பிரதேசத்துக்கே திரும்பலாம். அங்கே என்ஸ்கெடே நகரம் ஒரு காலத்தில் பஞ்சாலைகளால் நிறைந்திருந்து, 1960-களிலும் 70-களிலும் அவற்றைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. அந்நகரில் இருக்கும் ‘சாக்ஸியன்’ ஹோகஸ்கோலின் நெசவு ஆராய்ச்சியாளர்கள், வீடுகளிலிருந்து கழிக்கப்படும் பழைய பருத்தித் துணியைத் திரும்பவும் நூலாக்கும் முயற்சியில் இறங்கினர். துணியைத் தரம் பிரித்து, பொத்தானும் ஜிப்பும் நீக்கி, பொடியாக அரைத்து, சாயத்தை வெளுத்து, எஞ்சிய செல்லுலோசைக் கரைசலாக்கி, நுண்துளைகளின் வழியே திரவத்துக்குள் பீய்ச்சினால் புதிய இழை பிறக்கிறது. துணியைக் கிழித்துப் பஞ்சாக்கினால் இழை குறுகிப்போகும். கரைத்து நூற்றாலோ வேண்டிய நீளத்துக்கு இழுக்கலாம் என்பதே இதன் அனுகூலம். ‘சாக்ஸ்செல்’ என்று பெயரிடப்பட்ட இந்த இழை, பிற்பாடு தனி நிறுவனமாகவும் வளர்ந்தது. ரசாயனம் பழையதுதான், கந்தைக் கழிவுக்கு அதைப் பிரயோகிப்பதில் எழும் ஆயிரம் நடைமுறைச் சிக்கல்களை அவிழ்ப்பதே இங்கு ஆராய்ச்சி.

இந்த ஏற்பாட்டில் குறைகள் இல்லையென்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு ஆண்டு மானியம் முடிந்தவுடன் வட்டம் கலைந்து, அடுத்த விண்ணப்பத்தை எழுத உட்காரும் நிலைமை ஏற்பட்டால், சேர்த்த அறிவு எவரிடத்தும் தங்காது. இதை உணர்ந்தே சியா, ஆராய்ச்சிக் குழுக்களை எட்டு ஆண்டு வரையில் தாங்கும் ‘ஸ்ப்ரொங்’ என்ற திட்டத்தையும் தொடங்கியது. டாக்டர் பட்டம் வழங்கும் உரிமை ஹோகஸ்கோல்களுக்குக் கிடையாது என்ற குறைக்கு ஈடாக, 2023 முதல் ஏழு துறைகளில் நான்கு ஆண்டுத் ‘தொழில்முறை டாக்டர்’ பயிற்சி பரீட்சார்த்தமாக நடந்து வருகிறது. தரத்தைக் கண்காணிக்க, ஒவ்வொரு ஆராய்ச்சிப் பிரிவும் ஆறு ஆண்டுக்கொரு முறை வெளியார் குழுவின் சோதனைக்கு உட்படுகிறது.

அண்டை நாடான ஜெர்மனியிலும் 1968-ல் மாகாணங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே தொழிற் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அங்கேயும் ஆராய்ச்சி மானியங்கள் உண்டு. ஆனால் அவற்றின் பேராசிரியர் வாரத்துக்குச் சாதாரணமாக 18 மணி நேரம் கற்பிக்க வேண்டும். இது சர்வகலாசாலைப் பேராசிரியரின் சுமையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. மானியம் கையிலிருந்தும் அதைச் செலவிடுவதற்கு நேரம் கிட்டாத சங்கடம் இதனால் விளைகிறது.

ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குவது எந்த அரசாங்கத்துக்கும் இயலக்கூடிய காரியமே. பட்டறையில் எழுந்த சந்தேகம் ஆசிரியரை அடைந்து, அவர் கண்ட விடை அடுத்த ஆண்டின் பாடமாக மாறும்படி அந்த நிதியைப் பங்கிடுவதற்கே நிர்வாக விவேகம் வேண்டும். டச்சுக்காரர் அந்த வழியைக் கண்டுவிட்டார்கள். இனி அவர்கள் செய்ய வேண்டுவது, இரண்டு ஆண்டுக் கணக்கை விட்டு, தொழில் மாறுவதற்கு ஆகும் கால அளவுக்கேற்ப மானியத்தின் ஆயுளையும் நீட்டுவதே.