குணமான பிள்ளைக்கு மறுபடியும் ஊசி

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இரத்தப் புற்றுநோய்க்கு. அட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து மகரகம அபேக்ஷா மருத்துவமனைக்கு இரண்டு மூன்று வருடம் அலைந்து பிள்ளை குணமாகிவிட்டால், பெற்றோர் மனம் ஆறுவது இயல்பு. ஆனால் வைரசுகளின் ஆபத்து அத்தோடு தீர்ந்துவிடுவதில்லை. கீமோதெரபி, புற்றுக் கலங்களோடு நோயெதிர்ப்புக் கலங்களையும் அழிக்கிறது. வெள்ளணு எண்ணிக்கை சில மாதங்களில் தேறிவிடும். முன்பு போட்ட தடுப்பூசிகளால் கிடைத்த எதிர்ப்போ பல பிள்ளைகளிடம் கரைந்துபோகிறது, சிறு வயதினரிடம் இன்னும் கூடுதலாக. கொப்பியில் ஊசி போட்ட திகதி இருக்கும், உடம்பில் போதிய பிறபொருளெதிரி இருக்காது. அதனால் மறு தடுப்பூசியும் சிகிச்சையின் ஒரு கட்டம்தான் என்கிறேன்.

இலங்கையில் ஊசி போடாத பிள்ளை அரிது, சுற்றியிருப்பவர்களின் எதிர்ப்பே இந்தப் பிள்ளையைக் காக்காதா என்று கேட்கலாம். பெருமளவு நியாயமான கேள்வி. 2019-இல் சின்னமுத்து ஒழிந்த நாடாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. 2023-இல் அதே நோய் திரும்பி வந்தது. அது பரவாதிருக்க 100 பேரில் 95 பேருக்காவது எதிர்ப்பு வேண்டும். நோயாளி வெளியேறிய பிறகும் அந்தக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி நிற்கும். ஒரே சுவரைப் பங்குபோடும் லயக் காம்பராக்களிலும், தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவிலும் இதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை. கொப்புளிப்பானுக்கோ தேசிய அட்டவணையில் ஊசியே கிடையாது.

உயிருள்ள கிருமியால் செய்த ஊசி ஆபத்தல்லவா என்ற அச்சமும் உண்டு. சிகிச்சை நடக்கும்போது உண்மைதான். சின்னமுத்து ஊசி அப்போது கூடாது. முடிந்து குறைந்தது மூன்று மாதமாவது கழித்து, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே போடுவார்கள். அதுவரை அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கு ஊசி விடுபடாமல் பார்ப்பதே அரண். சின்னமுத்துக்காரரோடு பிள்ளை பழகியது தெரிந்தால், காய்ச்சலுக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆறு நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் கொடுத்தால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ முடியும்.

என்னை அதிகம் உறுத்துவது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசு. சிறுவயதில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்குப் பின்னாளில் இவ்வைரசு சார்ந்த புற்றுநோய்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருவதை அமெரிக்க ஆய்வுகள் கண்டன. ஆனால் ஊசி போட்டுக்கொள்வதில் அவர்களே பின்தங்கியிருக்கிறார்கள். இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்குப் பாடசாலையிலேயே இது போடப்படுகிறது. அன்றைக்கு வாட்டில் கிடந்த சிறுமியைச் சுகாதார ஊழியர்கள் பெயர் குறித்துவைத்துத் தேடிப்போக வேண்டும். கீமோதெரபி கண்டவளுக்கு மூன்று தடவை போடுவதே அமெரிக்கப் பரிந்துரை. அவளுக்கு எத்தனை ஊசி, எப்போது என்பதைச் சிகிச்சை தந்த மருத்துவர்களே கிளினிக் கொப்பியில் எழுதி அனுப்பினால், தோட்டத்தில் யாரும் ஊகிக்க வேண்டியிராது.