மயக்க ஊசி போடுவது யாருங்க?



நம்ம குழுக்களில் கடன் கேட்கிற காரணங்கள் இப்போ மாறிக்கிட்டு வருது. கறவை மாடு, தையல் மெஷின், காலேஜ் ஃபீஸ் என்று இருந்த இடத்தில் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்க, மகன் தலையில் முடி நட, கல்யாணத்துக்கு முன்னால் மகளின் மூக்கைச் சரி செய்ய என்றும் வர ஆரம்பித்திருக்கிறது. "காலையில் வாங்க, சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று டவுன் கிளினிக்குகளில் சொல்கிறார்கள். ஆசைப்படுவது தப்பென்று நாம் சொல்ல வரவில்லை. அவரவர் உடம்பு, அவரவர் விருப்பம். ஆனால் எவ்வளவு செலவாகும், தழும்பு தெரியுமா என்று கேட்கிற நாம், மயக்க ஊசி போடப்போவது யார் என்று கேட்பதே இல்லை. ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கு.

மயக்கத்தில் பல வகை உண்டு. பல் பிடுங்கும்போது போடுவார்களே, அது மரத்துப்போகும் ஊசி. சின்ன இடத்துக்குப் போட்டால் பயமில்லை. கொழுப்பு எடுக்கவும் முடி நடவும் பல இடத்தில் குத்த வேண்டியிருக்கும், அப்போதுதான் அளவு மீறிப்போகும். லிக்னோகெய்ன் என்ற மருந்தைத் தனியாகப் போட்டால் உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 150 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் அது வெறும் ஏழரை மில்லிதான்! அட்ரினலின் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் போடலாம். கொழுப்பு எடுக்கும்போது நிறைய உப்புத் தண்ணீரில் கலந்து போடுவதற்குக் கணக்கே வேறு. அளவு தாண்டினால் உதடும் நாக்கும் மரக்கும், காதில் இரைச்சல் கேட்கும், வலிப்பு வரும், இதயமே நின்றுபோகலாம்.

அடுத்தது தூக்க ஊசி. "முழு மயக்கம் இல்லைம்மா, சும்மா தூங்க வைப்போம்" என்பார்கள். தூக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் நடுவில் வேலி கிடையாது. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால் மருந்து ஒரு சிட்டிகை கூடினாலே மூச்சு நின்றுவிடலாம். பாட்டுக்காரர் மைக்கேல் ஜாக்சன் 2009-ல் இறந்தது இந்த மருந்தால்தான். அவர் வீட்டிலேயே அதைக் கொடுத்தவர் இதய டாக்டர், மயக்க டாக்டர் இல்லை. மூச்சைக் கவனிக்கச் சரியான கருவிகளும் அங்கே இல்லை. 2011-ல் நீதிமன்றம் அந்த டாக்டரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

மூச்சு நின்றால் சில நிமிடத்திலேயே மூளை கெட ஆரம்பிக்கும். கத்தி பிடித்திருக்கிற டாக்டரின் கண் அறுக்கிற இடத்தில் இருக்கும். அடுப்பில் பால் பொங்குதா என்று பார்த்துக்கொண்டே கிணற்றில் தண்ணீர் இறைக்க முடியுமா? அதனால்தான் தூங்க வைப்பதாக இருந்தால் ஆபரேஷன் செய்ய ஒருத்தர், தலைமாட்டில் நின்று மூச்சையும் நாடியையும் பார்க்க இன்னொருத்தர் வேண்டும். அந்த இன்னொருத்தர் எம்.பி.பி.எஸ். முடித்து, மயக்கவியலில் எம்.டி., டி.ஏ., டி.என்.பி. போன்ற மேல்படிப்புப் படித்த டாக்டராக இருக்கணும். (இந்த வேலையில் பெண்கள் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார்கள். 1889-லேயே ஹைதராபாத்தில் டாக்டருக்குப் படித்துத் தேறி, குளோரோஃபார்ம் கொடுத்தவர் ரூபா பாய் ஃபர்தூன்ஜி. உலகின் முதல் பெண் மயக்க மருந்து டாக்டர்களில் ஒருவர்.)

சின்ன கிளினிக்கில் செய்வதில் சிக்கல் எல்லா நாட்டிலும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் சாவுகள் நடந்ததால், 2000-ம் வருஷம் ஆகஸ்டில், டாக்டர்கள் தங்கள் கிளினிக்கில் முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்வதையே 90 நாள் நிறுத்தி வைத்தார்கள். 2016-ல் சென்னையில் முடி நடப்போன மருத்துவ மாணவர் ஒருவர் நிலைமை மோசமாகி இறந்தார். அந்த இடத்துக்கு அழகு நிலைய உரிமம் மட்டும்தான் இருந்தது என்று அப்போது செய்தி வந்தது. 2022 மே மாதம் பெங்களூருவில் 21 வயது கன்னட டி.வி. நடிகை, கிளினிக்கில் கொழுப்பு எடுத்தபோது மூச்சுத் திணறி, வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அதே வருஷம் தேசிய மருத்துவ ஆணையம், யூடியூபிலோ பயிலரங்கிலோ பார்த்தது மட்டும் முடி நடுவதற்குப் போதுமான பயிற்சி ஆகாது என்று சொல்ல வேண்டி வந்தது. யோசித்துப் பாருங்க, அதைக்கூட எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கு!

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். "ஐயா, மயக்கம் கொடுக்கிற டாக்டர் யாரு, என்ன படிச்சிருக்காங்க, நான் கண் முழிக்கிற வரைக்கும் கூடவே இருப்பாங்களா?" இவ்வளவுதான். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க டாக்டர் நம்மை நேரில் பார்த்துப் பேசணும். ஊசி போட்டுவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவர் என்றால் வேண்டாம்.

கொரோனா சமயத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தக் கருவியும், பி.பி. கருவியும், ஈ.சி.ஜி. திரையும், ஆக்சிஜன் சிலிண்டரும், எச்சில் உறிஞ்சும் மெஷினும், மூச்சு கொடுக்கும் பையும் அறையில் இருக்கணும். மாடி கிளினிக் என்றால் ஸ்ட்ரெச்சர் கீழே இறங்க வழி இருக்கா என்றும் பாருங்க. தமிழ்நாட்டில் கிளினிக்குகள் 1997-ம் வருஷச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க.

நம்ம பக்கமும் பொறுப்பு இருக்கு. சாப்பிட்டு 6 மணி நேரம் ஆகியிருக்கணும், கறி, எண்ணெய்ப் பலகாரம் என்றால் 8 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். "காபி மட்டும்தானே" என்று மறைக்காதீங்க. பால் காபியும் சாப்பாட்டுக் கணக்குதான். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை, பி.பி., இளைப்பு, சாப்பிடுகிற மாத்திரை, நாட்டு மருந்து, ஆடுகிற பல், நாள் தள்ளிப்போனது எல்லாத்தையும் சொல்லிடுங்க. நகப்பூச்சை அழிச்சிடுங்க. விரலில் மருதாணி கறுப்பா பிடிச்சிருந்தா முன்கூட்டியே சொல்லணும், கருவி தப்பாகக் காட்டலாம்.

தீக்காயத் தழும்பு, உதட்டுப் பிளவு போன்றவற்றுக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கு. கடன் வாங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை போய்க் கேளுங்க.

ஆபரேஷன் முடிந்து தனியா பஸ் ஏறக்கூடாது. கூட ஒருத்தர் வரணும், அன்று ராத்திரி பக்கத்திலேயே படுக்கணும். மூச்சு வாங்கினாலோ, எழுப்பினால் எழாமல் கிடந்தாலோ கிளினிக்குக்கு போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்க. சந்தேகம் கேட்க 104.