பளபளக்கும் எஞ்சின் பிளாக்கை நம்பி வாங்கலாமா?

பழைய அம்பாசிடர் வைத்திருப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி முடிவுக்கு வந்தது. அதற்கு 4 ஆண்டுகள் கழித்து, 1958-ல், அம்பாசிடர் கார் வந்தது. 2014-ல் அதன் உற்பத்தி நின்றது. 2017-ல் 'அம்பாசிடர்' என்ற பெயரை பிரான்சு நாட்டின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

பெயர் பிரான்சுக்குப் போனது. கார்கள் இங்கேயே ஓடுகின்றன. கல்யாணத்துக்கும் சினிமா படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விட்டுப் பிழைப்பவருக்கு, அந்த எஞ்சின்தான் சோறு போடுகிறது.

ஒரு நாள் எஞ்சின் நீலப் புகை கக்குகிறது. எண்ணெய் குடிக்கிறது. "பிளாக் தேய்ந்துவிட்டது" என்கிறார் மெக்கானிக். மகன் செல்போனில் தேடுகிறான். "போரிங் செய்த பழைய பிளாக் விற்பனைக்கு" என்று ஒரு படம் வருகிறது. உள்ளே கண்ணாடி போல் மின்னுகிறது.

கையில் பணம் இல்லை. "வளையலை அடகு வைக்கலாம்" என்கிறார் வீட்டுக்கார அம்மாள். வாங்கலாமா?

பளபளப்பு ஆபத்து!

பிளாக் என்பது வார்ப்பிரும்பால் ஆன பெரிய கட்டி. அதில் நான்கு வட்டத் துளைகள் இருக்கும். அவைதான் சிலிண்டர்கள். பிஸ்டன்கள் அவற்றுள் மேலும் கீழும் ஓடும்.

சரியாகச் செய்த சிலிண்டர் கண்ணாடி போல் இருக்காது. அதன் சுவரில் வலை பின்னியதுபோல் மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்கும். எண்ணெய் தங்குவது அந்தக் கோடுகளில்தான். கோடே இல்லாமல் மின்னினால் சந்தேகப்பட வேண்டும்.

மீதி எவ்வளவு?

பழைய 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 73 மில்லிமீட்டர். தேய்ந்தால் பட்டறையில் அதைக் கடைந்து பெரிதாக்குவார்கள். '20 ஓவர்சைஸ்' என்றால் விட்டம் அரை மில்லிமீட்டர் கூடும். '40 ஓவர்சைஸ்' என்றால் ஒரு மில்லிமீட்டர் கூடும். கடையக் கடையச் சுவர் மெலியும். எல்லை தாண்டினால் உள்ளே புதுக் குழாய் செருக வேண்டும். அதற்கு ஸ்லீவ் என்று பெயர்.

ஆகவே, "கடைந்த பிளாக்" என்றால் உயர்ந்தது என்று அர்த்தம் அல்ல. அதன் ஆயுளில் ஒரு பகுதி செலவாகிவிட்டது என்றே அர்த்தம்.

அந்த அளவுக்கு ஏற்ற பிஸ்டன் கடையில் கிடைக்கிறதா? முதலில் அதை விசாரிக்க வேண்டும். பிஸ்டன் கிடைக்காவிட்டால் பிளாக் வெறும் இரும்புதான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

* நான்கு சிலிண்டர்களின் அளவு என்ன? மேலே, நடுவே, கீழே அளந்து, அளவுக் கருவியோடு படம் அனுப்ப முடியுமா?

* கடைந்த பட்டறையின் பில் இருக்கிறதா?

* விரிசல் உண்டா? தண்ணீர் ஓடும் வழியில் விரிசல் இருந்தால், வெல்டிங் வைப்பது எளிதல்ல.

* கிராங்க் தங்கும் மூடிகள் அதே பிளாக்கோடு பிறந்தவையா? வேறு பிளாக்கின் மூடிகள் பொருந்தா.

* துரு உண்டா? புதிதாகக் கடைந்த இரும்பை எண்ணெய் தடவாமல் வைத்தால், உப்புக் காற்றில் சீக்கிரமே துருப் பிடிக்கும்.

* அளவு தவறாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வாரா?

பதில் சொல்லாமல் "முன்பணம் அனுப்புங்கள், இன்னொருவர் கேட்கிறார்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

நம்பர் முக்கியம்

எஞ்சின் நம்பர் பிளாக்கின் மேல்தான் இருக்கும். அதே நம்பர் ஆர்.சி.யிலும் இருக்கும். பிளாக் மாறினால் நம்பரும் மாறும். போக்குவரத்துத் துறையில் அனுமதி பெற்றுப் பதிவைத் திருத்த வேண்டும். நம்பர் அழிக்கப்பட்டிருந்தால் தொடவே கூடாது. அது திருட்டுக் காரின் பிளாக்காக இருக்கலாம். வாங்கியவரும் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

கணக்குப் போடுங்கள்!

பிளாக்கின் விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லாரிக் கூலி 1,500. இங்கே மறுபடி அளந்து சரிசெய்ய 3,000. மொத்தம் 14,500 ரூபாய். பிஸ்டன் செலவு தனி. இதே வேலையைச் சொந்த பிளாக்குக்குச் செய்ய, ஸ்லீவ் போட்டுக் கடைய, எவ்வளவு ஆகும் என்று உள்ளூர் லேத் பட்டறையில் கேட்க வேண்டும்.

சென்னை புதுப்பேட்டைக்கு நேரில் போய், மெக்கானிக்கோடு அளந்து பார்த்து வாங்குவதும் ஒரு வழி.

சொந்த பிளாக்கில் விரிசல் இல்லையென்றால், அதைச் சரிசெய்வதே பெரும்பாலும் மேல். அதன் நம்பர் மாறாது. அதன் பழைய கதையும் தெரியும். அது பிளந்துபோயிருந்தால் மட்டும் வேறு பிளாக் தேடலாம். அப்போதும் அளவு முதலில், பணம் பிறகு!