தோட்டத்து வெந்நீர்த் தொட்டி

நம் கல்லூரியிற் பயின்று, இப்பொழுது அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்திற் குடியேறி வாழும் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு நமக்குக் கடிதம் ஒன்று விடுத்திருந்தார். தம் வீட்டுத் தோட்டத்தில் வெந்நீர்த் தொட்டி ஒன்று அமைக்க எண்ணியிருப்பதாகவும், அதனை வீட்டின் பின்புறத்து மரத்தளத்தின்மேலேயே வைத்துவிடலாமென்று விற்பனையாளர் கூறுவதாகவும் தெரிவித்து, பௌதிகம் கற்பித்த நாம் இதுபற்றி யாது கருதுகின்றோம் என்று வினவியிருந்தார். முதலில் நமக்குச் சிரிப்பே வந்தது. வெந்நீரிற் குளிப்பதற்கு அண்டாவும் அடுப்பும் போதாவோ என்று எண்ணினோம். கணக்கிட்டுப் பார்த்தபின் சிரிப்பு அடங்கிற்று. அவருக்கு எழுதிய விடையையே சற்று விரித்து, மாணவர்க்கும் பயன்படுமெனக் கருதி ஈண்டு வெளியிடுகின்றோம்.

அந்நாட்டார் ‘ஹாட் டப்’ என்று வழங்கும் இத்தொட்டி உடலழுக்குப் போக்குவதற்கு அமைந்ததன்று. நால்வர் அல்லது அறுவர் கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்து உரையாடி இளைப்பாறுவதற்கு அமைந்தது. நாம் குளித்த நீர் அன்றே வாழைக்குப் பாய்ந்துவிடும். இத்தொட்டியின் நீரோ மூன்று நான்கு மாதம் மாற்றப்படாமல், பம்பினாற் சுழற்றப்பட்டு, வடிகட்டப்பட்டு, இரவும் பகலும் சூடாகவே இருக்கும். இவ்வொரு வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்வரும் சங்கடங்களிற் பல இதிலிருந்தே பிறக்கின்றன.

இதன் வரலாறு சுவையானது. இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவிற் குடியேறிய ஜக்கூசி சகோதரர் எழுவர் முதலில் விமானத்திற்குரிய சுழல்விசிறிகளைச் செய்தனர். பின்னர் விமானமே கட்டினர். 1921ஆம் ஆண்டில் அவர்தம் விமானம் ஒன்று வீழ்ந்து அச்சகோதரருள் ஒருவரும் உயிரிழக்கவே, குடும்பத்தார் வானை விட்டு மண்ணுக்குத் திரும்பி, கிணற்று நீரிறைக்கும் பம்புகளைச் செய்யலாயினர். அவருள் கந்திதோ என்பவருடைய இளம் புதல்வன் மூட்டு வாதத்தால் வருந்தினான். மருத்துவமனையிற் பெறும் நீர்ச்சிகிச்சையை வீட்டிலும் அவன் பெறுமாறு, குளியல் தொட்டிக்குள் இறக்கி நீரைச் சுழற்றும் சிறு பம்பு ஒன்றைக் குடும்பத்தார் சமைத்தனர். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. 1968இல் அக்குடும்பத்தின் பின்வந்த தலைமுறையினரான ராய் ஜக்கூசி, நீர்த்தாரைகளைத் தொட்டியின் சுவரிலேயே பொருத்தினார். இதே காலத்தில் கலிபோர்னியாவின் இளைஞர் சிலர் திராட்சைமது வைத்திருந்த பழைய மரப்பீப்பாய்களைத் தோட்டத்தில் நிறுத்தி வெந்நீர் நிரப்பி அமரத் தொடங்கியிருந்தனர். நோயாளிச் சிறுவனின் பம்பும் மதுப்பீப்பாயும் கூடிப் பிறந்ததே இக்காலத் தொட்டி எனலாம்.

இனி நண்பரின் மரத்தளத்திற்கு வருவோம். அவர் வாங்க விரும்பிய தொட்டி ஏறத்தாழ 2.1 மீட்டர் சதுரம். 1,500 லிட்டர் நீர் கொள்ளும். ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோகிராம் என்பது கீழ்வகுப்பு மாணவரும் அறிந்ததே. ஆகவே நீர் மாத்திரம் 1,500 கிலோகிராம்; வெறுந்தொட்டி 350; அறுவர் ஏறினால் மேலும் 420. ஆக 2,270 கிலோகிராம். இப்பாரம் 4.4 சதுர மீட்டரில் தங்குவதால் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோகிராமுக்கு மேற்படுகிறது. அந்நாட்டில் வீட்டு மரத்தளங்கள் சாதாரணமாகச் சதுர அடிக்கு 40 பவுண்டு, அஃதாவது சதுர மீட்டருக்கு 195 கிலோகிராம் தாங்கும் கணக்கிலேயே கட்டப்படுகின்றன. விற்பனையாளர் ‘வைத்துவிடலாம்’ என்றது இரண்டரை மடங்கிற்கு மேற்பட்ட பாரத்தை! தளம் அன்றே முறியாமலிருக்கலாம். மழையில் நனைந்து ஆணி துருவேறிய ஒரு நாளில், குழந்தைகள் அமர்ந்திருக்கையில் முறியலாம். இதனைச் சற்றுக் கடுமையாகவே எழுதினோம்.

இத்தொட்டிக்குத் தக்க இடம் தரையே. புல்லையும் மேல்மண்ணையும் அகற்றி, சரளை பரப்பித் திமிசு போட்டு, அதன்மேல் இரும்புக் கம்பி வைத்து நான்கு அங்குல கனத்திற்குக் கான்கிரீட் இடுதல் வேண்டும். அது மட்டமாயிருத்தல் இன்றியமையாதது. நீர் எப்பொழுதும் தன் மட்டத்தை விடாது. தொட்டி சாய்ந்தால் ஒருபுறச் சுவரே மிகுந்த அழுத்தத்தைத் தாங்க நேர்ந்து, நாளடைவில் விரிசல் காணும். கான்கிரீட்டை நனைத்து இறுகவிடாமல் அவசரப்பட்டுத் தொட்டியை ஏற்றுவோர் பின்னர் வருந்துவர். பம்பு உள்ள பக்கத்தில் பழுதுபார்ப்போன் குந்தி வேலை செய்ய இடம் விடுதல் வேண்டும் என்பதும் பலர் மறப்பதொன்று.

அடுத்தது வெப்பம். 1,500 லிட்டர் நீரைப் 15 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 38 டிகிரிக்கு உயர்த்த 34,500 கிலோகலோரி வேண்டும். மின்சாரக் கணக்கில் இஃது ஏறத்தாழ 40 யூனிட். அமெரிக்க வீடுகளில் விளக்குக்கும் வானொலிக்கும் பயன்படும் சாதாரண மின்தொடர்பிலிருந்து ஒன்றேகால் கிலோவாட்டுக்குச் சற்று மிகுதியாகவே தொடர்ந்து பெறமுடியும். அதனால் தொட்டி சூடேற முப்பது மணி நேரமாகும். ஐந்தரை கிலோவாட் சூடேற்றி வைத்தால் ஏழு மணிக்குச் சற்று மேல். இதுகொண்டே பெரிய தொட்டிகளுக்கு 240 வோல்ட்டில், பெரும்பாலும் 50 ஆம்பியர் தாங்கும் தனிக்கம்பி இழுக்கின்றனர். தொட்டிக்குத் தடித்த மூடி இல்லையேல் இவ்வெப்பமெல்லாம் ஆவியாக வானத்திற்கே போகும். மூடியிற் சிக்கனம் பார்ப்பவர் மின்கட்டணத்தில் அதனைச் செலுத்துவர்.

ஈரமான தோலின் மின்தடை மிகக் குறைந்துவிடும் என்பதைச் சோதனைச்சாலையிற் கண்டிருக்கின்றோம். அங்ஙனமாயின் நீருக்குள் அமர்ந்திருப்பவரின் நிலை யாதாகும்? இதன்பொருட்டு, செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் இடைவிடாது ஒப்பிட்டு, ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் ஐந்து பங்கு வேறுபட்டாலும் இமைப்பொழுதில் துண்டிக்கும் கருவி ஒன்றை அமைத்தல் அந்நாட்டு விதி. மின்சாரத்தை முற்றும் நிறுத்தும் விசை, தொட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருத்தல் வேண்டும். ஆனால் நீரில் இருப்பவர் கைநீட்டித் தொடாதபடி ஐந்தடிக்குக் குறையாத தூரத்திலும் இருத்தல் வேண்டும். இவ்வேலை உரிமம் பெற்ற மின்தொழிலாளர்க்கே உரியது. நம் நண்பர் பௌதிகத்தில் முதல் வகுப்பிற் தேறியவராயினும், தாமே கம்பி இழுக்க வேண்டாமென்று அவருக்குத் திட்டமாய் எழுதினோம்.

நீரின் தூய்மை பற்றியே நாம் மிகக் கவலையுற்றோம். நான்கு பேர் இத்தொட்டியில் அமர்ந்தால் ஒருவர்க்கு 375 லிட்டர் நீர். 75,000 லிட்டர் கொள்ளும் நீச்சற்குளம் ஒன்றில் இதே நெருக்கம் உண்டாக வேண்டுமாயின் இருநூறு பேர் இறங்க வேண்டும்! மேலும், லெஜியனெல்லா என்னும் நுண்கிருமி இளஞ்சூட்டு நீரிலேயே செழித்துப் பெருகும். தொட்டியின் சூடு அதற்கு மிக உவப்பானது. பொங்கும் நீர்த்தாரைகள் எழுப்பும் நுண்துளிகளோடு அது நுரையீரலுட் புகுந்து கொடிய சுரத்தை விளைவிக்கும். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் என்னும் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காக நீர் நிரப்பி ஓடவிடப்பட்டிருந்த தொட்டியொன்றிலிருந்து பரவிய இக்கிருமியால் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் அதிற் குளிக்கச் சென்றவரல்லர். பூக்களைக் காணச் சென்று, அவ்வழியே நடந்தவர்கள்.

இதற்கு மருந்து எளிது, ஆனால் நாள்தோறும் நினைவு வேண்டும். பத்து லட்சம் பங்கு நீருக்குக் குளோரின் மூன்று பங்கிற்குக் குறையாமலும், காரஅமில நிலையைக் காட்டும் பி.எச். எண் 7.0 முதல் 7.8 வரையிலும் இருக்கவேண்டுமென்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தார் கூறுகின்றனர். சூடான நீரில் குளோரின் விரைவில் மறைந்துவிடும். ஆதலின் நேற்றுப் போட்டோமே என்றிருத்தல் ஆகாது. சோதனைத் தாளை நனைத்து நிறத்தைப் பார்த்தே இறங்க வேண்டும். பழைய நீரை வெளியேற்றும்போதும் குளோரின் நீங்கும்வரை சில நாள் விட்டு வைக்காவிடில் செடிகள் கருகும்.

பம்பு நீரை இழுக்கும் துளைக்கும் தக்க மூடி வேண்டும். 2002ஆம் ஆண்டு வர்ஜீனியா மாகாணத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இத்தகைய தொட்டியின் அடித்துளையில் உறிஞ்சப்பட்டு நீருக்குள் சிக்கினாள். தாய் இழுத்தும் மீட்க முடியவில்லை, ஆடவர் இருவர் இழுத்து மூடியே உடைந்தபின் விடுபட்டாள், ஆயினும் பிழைக்கவில்லை. அவள் முன்னாள் அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேர்த்தி. 2007இல் அவள் பெயராலேயே சட்டம் இயற்றப்பட்டு, உடலை உறிஞ்சிப் பிடிக்காத மூடிகளையே அந்நாட்டில் விற்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள துளையை உடல் முற்றும் அடைத்து, அங்கு வளிமண்டல அழுத்தத்திற் பாதி குறையுமாயின், பற்றியிழுக்கும் விசை 150 கிலோகிராமுக்கு மேல் என்பதை மாணவர் தாமே கணக்கிட்டு அறியலாம். ஒரு துளைக்குப் பதில் விலகிய இரு துளைகள் அமைப்பதன் காரணமும் அப்பொழுது விளங்கும்.

எவ்வளவு சூடு தகும் என்றும் நண்பர் கேட்டிருந்தார். 104 டிகிரி பாரன்ஹைட்டே மேலெல்லை. காற்றில் நம் உடல் வியர்வையால் தன்னைக் குளிர்விக்கும். கழுத்துவரை வெந்நீரில் மூழ்கியவர்க்கு அவ்வழி அடைபடுகிறது. கருவுற்ற மகளிரும் இருதய நோயுடையாரும் மருத்துவரைக் கேட்டே இறங்குதல் நன்று; மது அருந்தினவர் இறங்கவே கூடாது. சிறு குழந்தைகளைச் சில நிமிடத்தில் வெளியேற்றிவிட வேண்டும்.

நான்கு மாதங்கழித்து மறுகடிதம் வந்தது. தொட்டியை வேலியோரத்தில் தரையிலேயே அமைத்தாராம். ஊராட்சியின் மின்சார ஆய்வாளர், விசை நீருக்கு நான்கடியிலேயே உள்ளதென்று முதலில் அனுமதி மறுத்துவிட, அதனைச் சுவரின் மறுகோடிக்கு மாற்றினாராம். மூடிக்குப் பூட்டு வாங்கி, திறவுகோலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் சமையலறை ஆணியில் மாட்டியிருக்கின்றாராம். மரத்தளத்தில் இப்பொழுது இரண்டு நாற்காலிகளும் ஒரு துளசித் தொட்டியும் இருப்பதாகப் படம் அனுப்பியிருந்தார்.