குழந்தையின் துயிலிடம்

பண்டை யூதருள் எளியோர் இல்லங்களிற் குடும்பத்தார் ஓரறையிலேயே துயின்றனர். கைக்குழந்தை அன்னையின் பக்கத்திற் கிடந்தது. இதன் இடரைச் சாலமோன் மன்னனின் தீர்ப்புக் கதை உணர்த்தும். உறக்கத்திலே தாய் மேலே புரண்டமையாற் சிசு மாண்டதே அவ்வழக்கிற்கு வித்தாயிற்று என்று இராஜாக்கள் முதலாம் புத்தகத்தின் 3ஆம் அதிகாரம் கூறும்.

மாத்தளை மாவட்டத் தோட்டங்களின் லயத்து அறைகளிலும் குடும்பம் முழுவதும் ஒருங்கே துயின்றது. ஆயினும், கூரை மரத்திற் கட்டிய சேலைத் தொட்டில் மகவைத் தனியே தாங்கிற்று. தாய் கொழுந்தெடுக்கச் சென்றவிடத்துப் பிள்ளைக்காம்பராவிலும் அத்தகைய தொட்டிலே அதனைத் தாங்கிற்று.

பெற்றோரின் அறையில், ஆயினும் தனிப்படுக்கையில், சிசு துயிலவேண்டும் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட அறிவுரையுமாகும். ஆனால், அப்படுக்கை உறுதியும் சமதளமும் உடையதாய், சிசு மல்லாந்து கிடத்தற்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். குழிந்து தொங்குஞ் சேலைக்கு அத்தன்மை இல்லை. எனவே, தொட்டில் தந்த அணிமையைப் பேணி, அதன் குழிவை நீக்குதலே அறிவுடைமையாம்.