கையெழுத்து மட்டும் போட்ட செக்

தனியாரிடம் அவசரத்துக்கு வட்டிக்குப் பணம் வாங்கப் போகிறவர் செக் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டுதான் போகிறார். கிழித்துக் கொடுக்கும் இரண்டு தாளிலும், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டிலும் கையெழுத்து மட்டும் இருக்கும். தொகை, தேதி, பெயர் எல்லாம் காலி. "சும்மா ஒரு நம்பிக்கைக்குத்தான், கணக்கு முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டுடலாம்" என்ற பேச்சோடு அவை பீரோவுக்குள் போய்விடும். கடனை அடைத்தபின் அவற்றைத் திருப்பிக் கேட்கப் பலருக்குக் கூச்சம், சிலருக்குப் பயம். பல வருஷம் கழித்து, தொகை நிரப்பப்பட்ட செக்கின் நகலோடு வக்கீல் நோட்டீஸ் வரும்போதுதான், தான் கொடுத்தது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பது கையெழுத்துப் போட்டவருக்குப் புரிகிறது.

இந்தத் தாள்களை ஆளும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ல் இயற்றப்பட்டு 1882 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வெள்ளைக்கார ஆட்சியில் வந்த சட்டம்தான். ஆனாலும் நம் மொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்களுக்கு இருந்த ஊர் வழக்கங்களை அதன் முதல் பிரிவே விட்டுவைத்தது. பர்மா, மலேயா வரை ஓடிய நகரத்தாரின் உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டுகள் புழங்கிய காலம் அது. வியாபாரிகளின் நாணயத்தைச் சட்டம் அந்த அளவுக்கு மதித்தது.

செக் திரும்பி வருவது நூறு வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் சிவில் விவகாரமாகவே இருந்தது. ஏமாற்றும் எண்ணத்தை நிரூபித்தால் மோசடி வழக்கு போடலாம், நிரூபிப்பது கடினம். 1988-ல் சட்டத்தைத் திருத்தி, 1989 ஏப்ரல் 1 முதல் 138-வது பிரிவைக் கொண்டுவந்தார்கள். செக்கை நம்பி வாங்கலாம் என்ற நிலை வரவேண்டும் என்பதே நோக்கம். கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால், இன்றைய நிலையில், இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். கணக்கை மூடிவிட்டேன், பணம் கொடுக்க வேண்டாம் என்று பேங்க்கில் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. அவையும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது.

பணம் கொடுத்து ஏமாந்தவருக்கு இது நல்ல ஆயுதம். ஆனால் நாள் தவறினால் கைவிட்டுவிடும். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பேங்க்கில் போட வேண்டும். திரும்பியதாகத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்ட எதிராளிக்கு 15 நாள் அவகாசம். அதிலும் கட்டவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைவதில் பயனில்லை.

நோட்டீஸ் வந்தால் தபால்காரரிடம் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் போதும் என்று ஊரில் ஒரு யோசனை சொல்வார்கள். இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. சரியான முகவரிக்குப் பதிவுத் தபால் போயிருந்தால் அது கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பதில் எழுதாத மௌனமும் பின்னால் எதிராகத் திரும்பும். செக்கை எப்போது, எதற்காகக் கொடுத்தேன், எவ்வளவு திருப்பிக் கட்டினேன் என்பதை அந்தப் பதிலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷம் கழித்துக் கூண்டில் நின்று முதன்முறையாகச் சொல்லும் கதையை எந்த நீதிபதியும் எளிதில் நம்பமாட்டார்.

கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதுமே, அந்தச் செக் கடனை அடைக்கக் கொடுக்கப்பட்டது என்று 139-வது பிரிவின்படி கோர்ட்டு அனுமானிக்கும். கடன் இல்லை என்று காட்டும் சுமை செக் கொடுத்தவர் தலையில் ஏறிவிடும். 'மற்ற எழுத்தெல்லாம் என்னுடையது இல்லை, நிபுணரை வைத்துப் பாருங்கள்' என்ற வாதமும் அநேகமாக எடுபடாது. தானாக முன்வந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்குக்கும் இந்த அனுமானம் பொருந்தும் என்று 2019-லும், வேறு ஒருவர் நிரப்பினார் என்பதால் மட்டும் அது உடைந்துவிடாது என்று 2022-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செக்யூரிட்டிக்குக் கொடுத்தேன் என்பதும் அப்படித்தான். கெடு முடிந்தும் கடன் நின்றால் அந்தச் செக்கை பேங்க்கில் போடலாம்.

இரண்டு வியாபாரிகளுக்கு இடையில் இந்த அனுமானம் நியாயமானது. மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டிய இரவில், கந்துவட்டிக்காரர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவருக்கும் அதே அனுமானம் என்பதுதான் என் மனதை உறுத்துகிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. ஆனால் வாங்கிய அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதற்குத் துண்டுச்சீட்டுகூட இல்லாதபோது அந்தச் சட்டத்தைத் துணைக்கு அழைப்பது எப்படி? ரொக்கமாகக் கட்டிய வட்டிக்குச் சாட்சி இல்லை. செக்கில் மட்டும் கையெழுத்து இருக்கிறது.

அதனால்தான் திருப்பிக் கட்டும் ஒவ்வொரு தொகையும் பேங்க் வழியாகவோ போன் வழியாகவோ போக வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது. அதன் பலன் சட்டத்திலேயே இருக்கிறது. மூன்று லட்சம் கடனில் ஒரு லட்சம் கட்டியாகிவிட்டது என்று வையுங்கள். அந்த வரவைச் செக்கில் குறிக்காமல் முழு மூன்று லட்சத்துக்கும் போட்டு, அது திரும்பினால் 138-ன்படி குற்றமாகாது என்பது 2022-ல் வந்த இன்னொரு தீர்ப்பு. கட்டியதைக் காட்டக் கணக்கு இருந்தால்தான் இந்தத் தீர்ப்பு உதவும். பெரிய தொகையை ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொல்பவரிடம், அவ்வளவு பணம் உங்கள் கையில் ஏது என்று கேட்கும் உரிமையும் உண்டு. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாமல், ஆறு லட்சம் கொடுத்ததாகச் சொன்னவரின் வழக்கு 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

புரோநோட்டுக்கு வருவோம். ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டை அபராதம் கட்டியும் சாட்சியத்தில் ஏற்க வைக்க முடியாது. கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம்தான் ஆயுள். அதற்குள் ஒரு தொகையைக் கட்டிப் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். கடன் கொடுத்தவர்கள் கெடு முடியும் சமயத்தில் வந்து, "ஐநூறு ரூபாயாவது குடுங்கண்ணே" என்று வரவு வைக்கச் சொல்வது இதற்காகத்தான். எது எழுதியிருக்கிறது என்று படிக்காமல் அதில் கையெழுத்துப் போடக் கூடாது.

2019 கடைசியில் நாட்டில் தேங்கிக் கிடந்த 2.31 கோடி கிரிமினல் வழக்குகளில் 35.16 லட்சம் செக் வழக்குகள். 2018-ல் வந்த திருத்தம், வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கொடுக்க உத்தரவிட இடம் தந்தது. உண்மையாகவே பணம் இழந்தவருக்கு அது ஆறுதல். ஆனால் இந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவை சிறைக்கதவு அல்ல, கணக்குப் பார்த்து முடிக்கும் மேசை. சமரசம் செய்துகொள்ள 147-வது பிரிவு இடம் கொடுக்கிறது. செக் வழக்கு லோக் அதாலத்தில் முடிந்தால் அங்கே எழுதப்படும் முடிவு சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம். சொன்னபடி பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு போட்டு வசூலிக்கலாம். அப்படி முடிக்கும்போது அந்த ஒரு செக்கை மட்டும் பேசி முடித்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. எதிராளியிடம் உள்ள மற்றச் செக்குகளின் எண், புரோநோட்டின் தேதி ஆகியவற்றையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி, எல்லாவற்றையும் அங்கேயே கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.