நூறு பேருக்கு ஒரே மூச்சு

2005 டிசம்பர் 26. சுனாமி வந்து சரியாக ஓராண்டு. பழவேற்காடு தொடங்கி நாகப்பட்டினம் வரை கடலோரக் குப்பங்களில் கடலுக்குப் பால் ஊற்றி, பூத் தூவி, போனவர்களை நினைத்து அழுத நாள். அன்று சென்னை மியூசிக் அகாடமியில் ஓர் அஞ்சலிக் கச்சேரி. மேடையில் தம்புராவும் மிருதங்கமும் இல்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரத்திலிருந்து வந்திருந்த பவேரிய அரசு இசைக்குழு வயலினும் செல்லோவும் ஹார்னுமாக அமர்ந்திருந்தது. அந்தக் குழு சென்னையில் வாசித்தது அதுவே முதல் முறை. அவர்கள் முன்னால் மெல்லிய கோல் ஒன்றைப் பிடித்து நின்றவர் பம்பாய்க்காரர். பெயர் ஜுபின் மேத்தா.

அப்போது அவருக்கு வயது 69. மியூனிக்கின் பவேரிய அரசு ஓபராவுக்கு 1998 முதல் தலைமை இசை இயக்குநராக இருந்தவர், அடுத்த ஆண்டு அந்தப் பொறுப்பை விட்டு விலகவிருந்தார். மான்ட்ரியல், லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், டெல் அவீவ், ஃபிளாரன்ஸ் என்று அவர் தலைமை தாங்கிய இசைக்குழுக்களின் ஊர்களை வரிசையாகச் சொன்னாலே அரை உலக வரைபடம் விரியும். இத்தனைக்கும் மேடையில் அவர் ஒரு வாத்தியத்தையும் தொடுவதில்லை. சத்தமே எழுப்பாத அந்த ஒருவருக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கதை முழுவதும் பாட்டாகவே நடக்கும். கட்டை கட்டிய அர்ச்சுனன் அடி எடுத்து வைக்க, பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணையோடு அவன் பாட்டை வாங்கிப் பாடுவார்கள். ஓபராவும் பாட்டாலேயே நடக்கும் நாடகம்தான். ஆனால் கூத்தில் ஆடுபவருக்கும் வாசிப்பவருக்கும் நடுவே இருப்பது நாலடி தூரம். ஒரு கண்சாடை போதும், தாளம் மாறிவிடும். ஓபரா அரங்கத்தில் அது முடியாது. பாடுபவர் மேடையின் ஆழத்தில் நிற்பார். எண்பது வாத்தியக்காரர்கள் மேடைக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இருப்பார்கள். கோரஸ் சில நேரம் திரைக்குப் பின்னாலிருந்து பாடும். ஒலி 34 மீட்டர் தூரத்தைக் கடக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். காதால் கேட்டுத்தான் சேர்ந்துகொள்வது என்று எல்லோரும் இருந்தால் பாட்டு ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம் போய்விடும். அதனால் காதுக்கு முன்னால் கண் வேலை செய்ய வேண்டும். எல்லோருடைய கண்ணும் போய்ச் சேரும் ஒரே இடம் கோல் பிடித்த நடத்துநரின் கை.

அந்தக் கை செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நடத்துநரின் முன்னால் உள்ள இசைப் பிரதியில் ஒரே பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். மேலே புல்லாங்குழல், நடுவில் ஹார்ன், அடியில் டபுள் பாஸ். வாத்தியக்காரரிடம் இருப்பது அவரவர் வரி மட்டுமே. முழுப் பக்கத்தையும் படிப்பவர் நடத்துநர் ஒருவர்தான். அதிலும் கிளாரினெட்டுக்கும் ஹார்னுக்கும் எழுதியிருப்பது ஒரு சுரம், ஒலிப்பது வேறு சுரம். அதை அவர் மனதுக்குள்ளேயே மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். இசை தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் கோல் மேலே எழும். அந்த எழுச்சியின் வேகமே தாளத்தின் வேகம். அது எழும் விதத்திலிருந்தே வரப்போகும் ஒலி மெல்லியதா வலியதா என்று தெரியும். குழல் ஊதுபவர்கள் அந்த நேரத்தில்தான் மூச்சை இழுத்துக்கொள்கிறார்கள். கோல் கீழே இறங்கும்போது நூறு பேரும் ஒன்றாகப் புறப்படுகிறார்கள். பாடகி ஓர் உச்ச சுரத்தைப் பிடித்து நிறுத்தினால் குழு முழுவதையும் அந்த இடத்தில் தாங்கி நிறுத்தி, அவள் இறங்கும்போது கூடவே இறக்க வேண்டியதும் அவர் பொறுப்பு.

ஜுபின் மேத்தா 1936 ஏப்ரல் 29 அன்று பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். அப்பா மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர். பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர். 1935இல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கினார். கோவாக்காரர்கள், பார்சிகள், ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதர்கள், கடற்படை பேண்டுக்காரர்கள் என்று கிடைத்தவர்களையெல்லாம் சேர்த்துக் கட்டிய குழு அது. வீட்டு முன்னறையில் ஒத்திகை நடக்கும். சுவரெல்லாம் பெத்தோவன் கேட்டு வளர்ந்த பிள்ளை. ஆனாலும் வீட்டில் டாக்டருக்குத்தான் படிக்க அனுப்பினார்கள். இசையை வைத்துப் பிழைக்க முடியாது என்பது அப்பாவுக்கே தெரிந்திருந்தது. மகனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. 1954இல், 18 வயதில், வியன்னாவுக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசிரியர். கையை வீசி அலட்டிக்கொள்வதை அவர் அனுமதிக்க மாட்டார். எழுதியவர் என்ன எழுதியிருக்கிறாரோ அதை முதலில் எலும்பு எலும்பாகப் பிரித்துப் படிக்க வேண்டும். பின்னாளில் புகழ்பெற்ற நடத்துநரான கிளாடியோ அபாடோவும் அவரிடம்தான் பயின்றார். ஜுபின் அங்கே டபுள் பாஸும் கற்றுக்கொண்டார். மற்றவர்களை வாசிக்க வைக்கப் போகிறவன் தானும் ஒரு மூலையில் உட்கார்ந்து வாசித்திருக்க வேண்டும். இந்தத் தொழிலின் மிகச் சரியான பாடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1956இல் ஹங்கேரியில் எழுந்த புரட்சியை சோவியத் டாங்கிகள் நசுக்கின. அகதிகள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரியாவுக்குள் வந்தார்கள். இருபது வயது ஜுபின் ஏழே நாளில் ஒரு மாணவர் இசைக்குழுவைத் திரட்டி, வியன்னாவுக்கு வெளியே இருந்த அகதி முகாமுக்குப் போய்க் கச்சேரி நடத்தினார். பிற்பாடு அவர் செய்த பலவற்றுக்கும் தொடக்கம் அந்த முகாம்தான்.

1958இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். ராயல் லிவர்பூல் ஃபில்ஹார்மோனிக்கில் ஓராண்டு துணை நடத்துநர் வேலையும் அந்தப் பரிசோடு சேர்ந்து வந்தது. அங்கே தலைமை நடத்துநராக இருந்தவர் ஜான் பிரிட்சார்ட். இவரைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. லண்டனில் பிறந்த பிரிட்சார்ட், கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தவர். பிறகு கோரஸைப் பயிற்றுவித்தார். அதற்கும் பிறகுதான் கோல் கைக்கு வந்தது. 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டை ஒட்டி பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய ‘குளோரியானா’ ஓபரா முதன்முதலில் அரங்கேறியபோது நடத்தியவர் அவரே. பின்னாளில் பிபிசி சிம்பொனியின் தலைமை நடத்துநராகவும் இருந்தார். லிவர்பூலில் புதிய இசையை வாசிக்கும் முன்னால் அதை ரசிகர்களுக்கு விளக்கிச் சொல்லும் ஒரு தொடரையே அவர் நடத்தினார். ஐரோப்பாவில் ஓபரா நடத்துநர்கள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறார்கள். பாடகரின் மூச்சு எங்கே முடியும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பழகுகிறார்கள். ஊருக்கு ஊர் ஓபரா அரங்கம் இருப்பதால் அங்கே அது முடிகிறது.

லிவர்பூல் ஓராண்டோடு முடிந்தது. பிறகு நடந்தது மின்னல் வேகம். 25 வயதுக்குள் வியன்னா, பெர்லின், இஸ்ரேல் மூன்று ஃபில்ஹார்மோனிக்குகளையும் நடத்திவிட்டார். 1961இல் மான்ட்ரியல் அவரை எடுத்துக்கொண்டது. அதே சமயம் லாஸ் ஏஞ்சல்ஸ் குழுவுக்கு இசை இயக்குநராக வரவிருந்த ஜார்ஜ் ஷோல்ட்டி, தன்னைக் கேட்காமல் ஜுபினைத் துணையாக நியமித்ததால் கோபித்துக்கொண்டு விலகினார். காலியான நாற்காலி ஜுபினுக்கே வந்தது. 1962இல் 26 வயதில் இரண்டு பெரிய இசைக்குழுக்களுக்கு ஒரே நேரத்தில் தலைவர். வட அமெரிக்காவில் அதற்கு முன் யாருக்கும் அது அமைந்ததில்லை.

ஓபராவில் அவர் கால் வைத்தது 1963இல், மான்ட்ரியலில், புச்சினியின் ‘டோஸ்கா’வோடு. 1965 டிசம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் வெர்டியின் ‘ஐடா’. 1990இல் ரோமாபுரியின் பழைய குளியல் மண்டப இடிபாடுகளுக்கு நடுவே பாவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ் மூவரும் சேர்ந்து பாடிய கச்சேரியை நடத்தியவர் அவர். ஓபரா என்றால் என்னவென்றே தெரியாத கோடிக்கணக்கானவர்கள் அன்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள். 1998இல் பீஜிங்கின் பழைய அரண்மனை வளாகத்தில் சீன இயக்குநர் ஜாங் யிமோவுடன் சேர்ந்து ‘டூரண்டாட்’ நடத்தினார். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் 1978 முதல் 1991 வரை இருந்தார். 1985இல் அங்கே நம்ம சென்னைக்காரர் எல். சுப்ரமணியம் எழுதிய ‘ஃபேன்டஸி ஆன் வேதிக் சாண்ட்ஸ்’ வயலின் படைப்பு இவர் நடத்த, அவரே வாசிக்க அரங்கேறியது. இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ஜுபின் டாக்டர் படிப்பைப் பாதியில் விட்டவர். சுப்ரமணியமோ சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வயலினை எடுத்துக்கொண்டு போனவர்.

இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கோடு அவருக்கு இருந்த உறவு ஐம்பது ஆண்டு நீண்டது. 2019இல்தான் விடைபெற்றார். 1967 போரின்போது விமானம் பிடித்து அங்கே போய் நின்றார். 1991 வளைகுடாப் போரில் ரசிகர்கள் மடியில் விஷவாயு முகமூடியை வைத்துக்கொண்டு கச்சேரி கேட்டார்கள். 1981இல் நிகழ்ச்சி முடிந்தபின், நாஜிகள் கொண்டாடிய வாக்னரின் இசையை வாசிக்க முயன்றபோது, நாஜி முகாமிலிருந்து உயிர் தப்பியவர்கள் அரங்கத்துக்குள்ளேயே எழுந்து எதிர்த்தார்கள். அவர்கள் வலி நியாயமானது. 1994இல் சரயேவோவில் குண்டு வீசி எரிக்கப்பட்ட தேசிய நூலகத்தின் இடிபாடுகளுக்குள் மோசார்ட்டின் ‘ரெக்வியம்’ நடத்தினார். 2013 செப்டம்பரில் ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்தில், மியூனிக் குழுவோடு. அந்தக் கச்சேரிக்கு அழைப்பிதழ் உள்ளவர்கள் மட்டுமே போக முடிந்தது. ஊர் அடைத்துக் கிடந்தது. எதிர்க் கச்சேரி ஒன்றும் நடந்தது. காஷ்மீர் மக்கள் வேலிக்கு வெளியே நின்ற கச்சேரி காஷ்மீருக்கான கச்சேரி ஆகாது என்பதே என் கருத்து. ஆனால் அடிபட்ட ஊரைத் தேடிப் போக வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தில் குறை காண என்னால் முடியவில்லை. சென்னைக்கு அவர் வந்ததும் அதே எண்ணத்தில்தான்.

இவ்வளவும் சொன்னது ஒரு காரணத்துக்காக. இவ்வளவு பெரிய வாழ்க்கையின் ஒரு துண்டுகூட இந்தியாவில் அமைந்திருக்க வழியில்லை. வீணை கற்க ஒரு வீணை போதும். நடத்துநர் ஆக விரும்புகிற பையனுக்கு எழுபது, எண்பது பேர் தேவை. அவர்கள் மாதச் சம்பளம் வாங்கி, தினமும் சேர்ந்து வாசிக்கிறவர்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக சினிமா ஒலிப்பதிவுக் கூடங்கள்தான் அந்த இடத்தில் இருந்தன. நோட்ஸ் பார்த்து முதல் டேக்கிலேயே வாசிக்கும் வயலின்காரர்கள் கோடம்பாக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டரும் சின்தசைசரும் வந்தபின் அந்த வரிசை சுருங்கிப்போனது. 2006இல் மும்பையில் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாதான் நாட்டில் தொழில்முறையாக இயங்கும் ஒரே முழு சிம்பொனிக் குழு. 2025 மார்ச் 8 அன்று இளையராஜா தன் ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்ற லண்டனுக்கு, ராயல் ஃபில்ஹார்மோனிக் கச்சேரிக் குழுவிடம் போக வேண்டியிருந்தது. நடத்தியவர் மைக்கேல் டாம்ஸ். பண்ணைப்புரத்துக்காரர் எழுதிய இசையை முழுக் குழுவோடு கேட்க நாம் கடல் தாண்டிப் போகிறோம் என்பதை நினைத்து அன்று எனக்குப் பெருமையும் வலியும் ஒரே நேரத்தில் வந்தன.

வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். அதையொட்டி அவருடைய அறக்கட்டளை வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் இலவசமாகக் கற்றுக்கொடுத்து ‘சன்ஷைன்’ இசைக்குழுவை உருவாக்கியது. அந்தப் பிள்ளைகள் இன்று மேடையிலும் ஒலிப்பதிவிலும் வாசிக்கிறார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அய்யர்கண்டிகையில் ரஹ்மானின் திரைப்பட வளாகமும் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சிப்காட். இரும்பு உருக்கும் ஆலைகள் மூன்று ஷிப்டும் ஓடுகின்றன. காலை ஷிப்டுக்கு சென்ட்ரலிலிருந்து வரும் மின்சார ரயில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகிறது. அந்த ஆட்களின் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளில் எத்தனை காதுகள், எத்தனை விரல்கள் வீணாகின்றன என்று யார் கணக்கெடுத்தார்கள்?

2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வியும் கலையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இப்போது அந்தப் பணம் குடிநீர்த் தொட்டியாகவும் கழிப்பறையாகவும் பள்ளிகளுக்கு வருகிறது. வரட்டும், அவை வேண்டும். அதில் ஒரு சிறு பங்கை எடுத்து, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கு நாற்பது வயலின், பத்து செல்லோ, சம்பளத்துக்கு ஆசிரியர்கள் என்று பத்தாண்டுக்குத் தொடர்ந்து கொடுத்தால் இங்கே ஒரு மாணவர் இசைக்குழு நிற்கும். பத்தாண்டு என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு ஆண்டில் யாருக்கும் வில் பிடிக்க வராது.

இதைச் செய்து காட்டியவர் ஜுபினின் அப்பாதான். மெஹ்லி மேத்தா பம்பாயை விட்டு இங்கிலாந்து போய், மான்செஸ்டரின் ஹாலே இசைக்குழுவில் வாசித்தார். பிறகு அமெரிக்கா. லாஸ் ஏஞ்சல்ஸில் மகன் உலகப் புகழோடு நின்றுகொண்டிருந்த அதே ஊரில், 1964இல், அப்பா இளைஞர்களைச் சேர்த்து ‘அமெரிக்கன் யூத் சிம்பொனி’யைத் தொடங்கினார். தொண்ணூறு வயது வரை, 1998 வரைக்கும், அவரே நின்று நடத்தினார். அவர் கையில் பயின்றவர்கள் அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களில் போய் உட்கார்ந்தார்கள். 1935இல் பம்பாய் அவருக்குச் சம்பளமும் ஓர் அரங்கமும் கொடுத்திருந்தால், அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள்.